மூன்றாம் அடியாளின் பற்கள்

'இருட்டடி' தொடரின் இரண்டாம் பாகத்தில் மொத்தம் நூற்றுப் பதினொரு பற்கள் விழ வேண்டியிருந்தன. அதற்காகத்தான் பல்செட்காரரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

அவர் பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் வாயை அளவெடுத்து அனுப்புவார்கள். இவர் அதைப் பிளாஸ்டரில் வார்த்து, மெழுகில் ஈறு கட்டி, பல்லை ஒவ்வொன்றாகப் பதித்து, தேய்த்துப் பளபளப்பாக்கித் திருப்பி அனுப்புவார். வீட்டின் பின்னறைதான் பட்டறை. அலமாரி முழுக்கத் தாடைகள், ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் எழுதிய எண். இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. தெருவில் யாராவது எதிரே வந்து நலம் விசாரித்தால் முகம் பிடிபடாமல் விழிப்பார். சிரித்தால் போதும், ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவன் அவருடைய மைத்துனன், மனைவியின் ஒரே தம்பி. அவன் தொழில் அடி வாங்குவது. பதினான்கு வருடமாகப் படங்களிலும் தொடர்களிலும் மாடியிலிருந்து விழுந்து, கண்ணாடிக் கதவில் பாய்ந்து, நாற்காலியோடு உடைந்து பிழைப்பவன். இருட்டடியில் அவனுக்கு மூன்றாம் அடியாள் வேடம்.

"முதல் அடியாள், ரெண்டாம் அடியாளுக்கெல்லாம் முகமே தெரியாது மாமா. மூணாவது ஆளுக்குத்தான் பல்லு போற காட்சி. முகத்தை நெருக்கத்துல காட்டுவாங்க" என்று பூரிப்போடு சொன்னான்.

இருட்டடி என்பது நாற்பது வருடத்துக்கு முன் மட்டமான தாளில் வந்த படக்கதை. நாயகன் நீதிமன்றத்தில் தட்டச்சு செய்பவன். பகலெல்லாம் 'குற்றம் நிரூபிக்கப்படவில்லை' என்று தட்டுவான். பொழுது சாய்ந்ததும் முகமூடி போட்டுக்கொண்டு, நீதிபதியின் மேசையிலிருந்து திருடிய மரச்சுத்தியோடு, விடுதலையானவன் வீட்டுக்குப் போவான். அதற்கு மேல் கதை கிடையாது. அதைத் தொடராக எடுத்தபோது, முதல் பாகத்தில் நாயகன் சுத்தியை வலது கையில் பிடித்துவிட்டான். புத்தகத்தில் இடது கை. ரசிகர்கள் தயாரிப்பு நிறுவனத்தின் அலுவலகத்தை முற்றுகையிட்டு, நியாயம் கேட்டு, வாசலில் இருந்த காவலாளியை அடித்தார்கள். அதற்குப் பிறகுதான் நிறுவனம் 'மூலக் காப்புக் குழு' ஒன்றை அமைத்தது. அந்தக் குழுவின் முத்திரை இல்லாமல் அந்தக் கட்டடத்தில் ஒரு மூக்கும் உடையாது.

முதல் நாள் பல்செட்காரரை உட்கார வைத்த அறையில் நீளமான மேசை இருந்தது. மேசை நடுவே வெல்வெட் துணியில் அந்தப் பழைய படக்கதை. மூலக் காப்பாளர் என்கிற தலைமை அதிகாரி வெள்ளைப் பருத்திக் கையுறை மாட்டிக்கொண்டு, ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். வில்லன் வாயைப் பிளந்து சிரிக்கும் கட்டம்.

"இதுல முப்பத்தெட்டு பல்லு இருக்கு. மூணு பேர் தனித்தனியா எண்ணியிருக்கோம்."

பல்செட்காரர் குனிந்து பார்த்தார். "சார், மனுஷன் வாயில முப்பத்திரண்டுதான் சார் இருக்கும்."

"அது உங்க அனுபவம். அனுபவத்தை நாங்க ரொம்ப மதிக்கிறோம்" என்றார் காப்பாளர். "ஆனா அனுபவம் ஆளுக்கு ஆள் மாறும். மூலம் மாறாது."

"வரைஞ்சவர் அவசரத்துல ரெண்டு கோடு கூடப் போட்டிருப்பார்."

மேசையைச் சுற்றிக் குறிப்பெழுதிக்கொண்டிருந்த குழுவினரின் பேனாக்கள் நின்றன. காப்பாளர் கையுறையைக் கழற்றினார்.

"வரைஞ்சவர் தப்பு பண்ணிட்டார்னு சொல்றீங்களா?"

"ஐயோ, இல்ல சார்."

"குறிச்சுக்கங்க. தான் தப்புன்னு சொல்லலைன்னு சொல்றார்."

பிறகு மைத்துனன் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. வரைந்தவரே போன வருடம் ஒருமுறை வந்திருந்தாராம். "பல்லையெல்லாமா எண்ணுவீங்க?" என்று கேட்டுவிட்டுச் சிரித்திருக்கிறார். மூலத்தின் மேல் பற்றில்லாதவர் என்று அதற்குப் பிறகு அவரைக் கூப்பிடுவதில்லை.

பல்செட்காரர் முப்பத்தெட்டுப் பல்லைச் செய்தார். ஒரு வாயில் அத்தனையும் அடங்குவதற்காக ஒவ்வொன்றையும் அரிசி மாதிரி சின்னதாகத் தேய்த்தார். மாட்டிக்கொண்ட நடிகர் சிரித்தபோது எலி சிரிப்பது போல இருந்தது. குழுவினர் எண்ணிப் பார்த்து எழுந்து நின்று கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது அவள் நம்பவில்லை. அவள் பஸ் நிலையத்தில் முன்பதிவுக் கவுண்டரில் வேலை பார்ப்பவள். ஒரு நாளைக்கு நானூறு பேரின் அசட்டுத்தனத்தைச் சின்ன ஓட்டை வழியாகப் பார்க்கிறவள். அவளே, "போதும், அளக்காதீங்க" என்றாள்.

ஆனால் அவர் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை. ரத்தத்தின் கதை இதைவிட மோசம். பழைய அச்சகத்தில் சிவப்பு மை சற்றுத் தள்ளி விழுந்திருந்ததால், புத்தகத்தில் எல்லாக் காயமும் ஓரிடத்தில் இருக்க, ரத்தம் அரை அங்குலம் தள்ளியிருந்தது. அச்சுப்பிழை என்று யாரோ ஒரு புதியவர் சொல்லி வேலையை இழந்திருந்தார். ஒப்பனைக்காரர்கள் கன்னத்தில் காயம் வரைந்து, காதோரம் ரத்தம் பூசினார்கள்.

படப்பிடிப்புத் தளத்தின் வாசலில் பெரிய பலகை தொங்கியது: 'இத்தொடர் வன்முறையை வன்மையாகக் கண்டிக்கிறது.' ஒவ்வொரு அடிதடிக் காட்சிக்கு முன்பும் நலப் பிரிவு அம்மா வருவார். அடிப்பவர், வாங்குபவர், விளக்குப் பிடிப்பவர், டீ கொண்டுவருபவர் எல்லோரும் வட்டமாக நின்று கைகோத்து, 'நாங்கள் யாரையும் புண்படுத்த மாட்டோம்' என்று மூன்று முறை சொல்ல வேண்டும். பிறகு அடி வாங்குபவரிடம் மட்டும் இரண்டு அட்டைகளை நீட்டுவார். பச்சை என்றால் மனம் நன்றாக இருக்கிறது. மஞ்சள் என்றால் சுமார்.

"சிவப்பு இல்லையா மேடம்?" என்று பல்செட்காரர் ஒருநாள் கேட்டார்.

"சிவப்பை இதுவரைக்கும் யாருமே எடுத்ததில்லை" என்றார் அவர், மலர்ந்த முகத்தோடு. "அதனால அச்சடிக்கவே இல்லை. அதுதான் எங்க பிரிவோட வெற்றி."

மூன்றாம் அடியாளின் காட்சி எடுக்கும் நாள் வந்தது. மைத்துனன் பச்சை அட்டையை எடுத்தான். அக்காள் புருஷன் தளத்தில் இருக்கிறார் என்பதில் அவனுக்கு ஒரு தெம்பு. நான்கு பொய்ப் பற்களைக் கன்னத்துக்குள் அடக்கிக்கொள்ள வேண்டும். நாயகன் சுத்தியால் அடிப்பது போலத் தாடையோரமாக வீசுவான். அந்தக் கணத்தில் இவன் தலையைத் திருப்பிப் பற்களைத் துப்ப வேண்டும். மூலத்தில் பற்கள் இடது பக்கமாகப் பறக்கின்றன. அதனால் இடது பக்கமாகத் துப்ப வேண்டும். ஒவ்வொரு முறையும் பல்செட்காரர் தட்டை எடுத்துக்கொண்டு போய், சின்ன இடுக்கியால் நான்கையும் பொறுக்கி, கழுவி, திரும்ப அவன் கன்னத்துக்குள் வைப்பார்.

முதல் எட்டு டேக்கும் பற்கள் சரியான கோணத்தில் போகவில்லை. ஒன்பதாவதில் போயின. ஆனால் காப்பாளர் கையைத் தூக்கினார்.

"சுத்தி வளையுது."

"ரப்பர் சார். வளையத்தான் செய்யும்" என்றார் சண்டைப் பயிற்சியாளர்.

"மூலத்துல வளையலை."

அரை மணி நேரத்தில் மரத்தில் சுத்தி வந்தது. அதன் ஒரு பக்கத்தில் மட்டும் ஸ்பாஞ்சை ஒட்டி, மரம் போலவே வண்ணம் அடித்திருந்தார்கள். பல்செட்காரர் அதை வாங்கி எடை பார்த்தார். நல்ல கனம். இது வேண்டாம் என்று சொல்லலாமா என்று நினைத்தார். ஆனால் அவருடைய பிரிவு பல். சுத்தி வேறு பிரிவு. மைத்துனனைப் பார்த்தார். அவன் கன்னத்தில் பல்லை அடக்கிக்கொண்டு, ஒன்றுமில்லை மாமா என்பது போலக் கண்ணைச் சிமிட்டினான். அவர் சுத்தியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பதினைந்தாவது டேக்கில் நாயகனின் கை சற்றே திரும்பிவிட்டது. ஸ்பாஞ்ச் இல்லாத பக்கம் பட்டது. தேங்கிய தண்ணீரில் செங்கல் விழுந்தது போல ஒரு சத்தம். பற்கள் அழகாக இடது பக்கம் பறந்தன. மைத்துனன் விழுந்தான். குழுவினர் அத்தனை பேரும் எழுந்து கைதட்டினார்கள். காப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பல்செட்காரர் வழக்கம் போலத் தட்டோடு போனார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவதாக ஒன்று கிடந்தது. மேசைக்கால் ஓரமாக இன்னும் இரண்டு. இடுக்கியால் எடுக்க வரவில்லை, கையால் எடுத்தார். வெதுவெதுப்பாக இருந்தது. அவர் செய்த பல்லுக்கு வேர் கிடையாது. இதற்கு இருந்தது.

"எந்திரிக்கச் சொல்லுங்க" என்றார் காப்பாளர். "அடுத்த கட்டத்துல மூணாவது ஆள் எந்திரிச்சு ஓடறான்."

மைத்துனன் எழுந்திருக்கவில்லை. கீழ்த்தாடை ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பல்செட்காரர் மண்டியிட்டு அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "வண்டியைக் கூப்பிடுங்க, வண்டியைக் கூப்பிடுங்க" என்று கத்தினார். நலப் பிரிவு அம்மா ஓடி வந்தார். நேராக நாயகனிடம் போனார். அவன் நடுங்கிக்கொண்டிருந்தான். அவனுக்குப் போர்வை போர்த்தி, வெந்நீர் கொடுத்து, தனியறைக்கு அழைத்துப் போனார்கள். அடித்தவருக்கு ஏற்பட்ட மனக்காயத்துக்காகப் படப்பிடிப்பு மூன்று நாள் ஒத்திவைக்கப்பட்டது. மைத்துனனைச் சண்டைப் பயிற்சியாளர் தன் காரில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்.

மறுநாள் அந்த நீள மேசை அறைக்குக் கூப்பிட்டார்கள். இந்த முறை வெல்வெட் துணியில் ஏழு பற்கள். சட்டப் பிரிவு அதிகாரி இளைஞர். தேனில் குழைத்த குரல்.

"தினமும் சாயந்திரம் நீங்க போடற அதே கையெழுத்துதான் சார். 'மேற்படி பற்கள் அனைத்தும் என் கையால் செய்யப்பட்டவை.' புதுசா ஒண்ணுமில்லை."

"இதுல மூணு நிஜப் பல்லு சார். என் மச்சினனோடது."

"பாத்தா அப்படித் தெரியலையே."

"வேர் இருக்கு பாருங்க. இதுல ஒண்ணு சொத்தை அடைச்ச பல்லு. அடைச்ச டாக்டர் யாருன்னுகூடச் சொல்வேன்."

அதிகாரி பொறுமையாகச் சிரித்தார். "சார், நம்ம தொடர்ல யாருக்கும் அடிபடறதில்லை. அது நம்ம கொள்கை. கொள்கையில இல்லாத ஒண்ணு தளத்துல எப்படி நடக்கும்? நடக்கலைன்னா இது நிஜப் பல்லா இருக்க முடியாது. நிஜப் பல்லு இல்லைன்னா யார் செஞ்சது? தளத்துல பல்லு செய்யறவர் நீங்க ஒருத்தர்தான்."

காப்பாளர் வருத்தத்தோடு சேர்ந்துகொண்டார். "மூணாவது ஆளுக்கு மூலத்துல தாடை உடையறதே இல்லைங்க. உடைஞ்சதுன்னு எழுதினா, நாங்க மூலத்துக்குத் துரோகம் பண்ணின மாதிரி ஆயிடும்."

பல்செட்காரர் கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்தார். வாழ்க்கையில் அவர் ஒரு அதிகாரியின் எதிரே எழுந்து வந்தது அதுதான் முதல் தடவை.

மருத்துவமனையில் மைத்துனனின் தாடையைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். பேச முடியாது. மனைவி பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து ஸ்ட்ராவில் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். நடந்ததைக் கேட்டதும், "நல்லா பண்ணினீங்க" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் அப்படிச் சொன்னதும் அதுதான் முதல் தடவை.

மைத்துனன் நோட்டை இழுத்து எழுதினான்: 'போட்டுடுங்க மாமா.'

"என்னடா சொல்ற?"

'இல்லேன்னா லிஸ்ட்ல சேத்துடுவாங்க.'

காயமடைந்தோர் பட்டியல் என்று ஒன்று இருந்தது. நலப் பிரிவின் ஏற்பாடு. ஒருமுறை காயம் பட்டவர் மறுமுறை படக் கூடாது என்கிற அக்கறையில், அதில் பெயர் ஏறியவரை யாரும் மறுபடி வேலைக்குக் கூப்பிடுவதில்லை.

"கூப்பிடாட்டிப் போகுது. வேற வேலை பாத்துக்கலாம்" என்றாள் அக்காள்.

அவன் நெடுநேரம் எழுதினான். நோட்டைத் திருப்பிக் காட்டினான்: 'எனக்கு விழறதைத் தவிர என்னக்கா தெரியும்?'

அவள் அதைப் படித்துவிட்டு நோட்டை மூடி அவன் நெஞ்சின் மேல் வைத்தாள். பல்செட்காரரிடம், "அவன் தாடை வலியில உளர்றான். நீங்க போடக் கூடாது" என்றாள். அவன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பேச முடியாதவனின் பிடியில் அவ்வளவு பலம் இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை.

அடுத்த நாள் அவர் போய்க் கையெழுத்துப் போட்டார். சட்டப் பிரிவு இளைஞர் வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

அன்றிலிருந்து மனைவி அவரிடம் பேசாமல் இல்லை. பேசினாள், கவுண்டரில் பேசுவது போலப் பேசினாள். சாப்பாடு எத்தனை மணிக்கு, சாவி எங்கே, அவ்வளவுதான். அடுத்தவர் வரலாம் என்பது போல முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

நான்கு மாதத்தில் கம்பியை எடுத்தார்கள். மைத்துனனுக்கு முன்பற்களைப் பல்செட்காரரே செய்தார். இருபத்திரண்டு வருடத்தில் இவ்வளவு பார்த்துப் பார்த்து எதையும் செய்ததில்லை. நிறத்துக்காகவே ஏழு முறை மாற்றினார். அவன் மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்து, "முன்னாடி இருந்ததைவிட நல்லா இருக்கு மாமா" என்றான். அவருக்கு அதைக் கேட்கத் தாங்கவில்லை.

பட்டியலில் பெயர் ஏறாததால் அவன் மூன்றாம் பாகத்தில் வேலை கேட்டுப் போனான். காப்பாளர் கையுறையோடு புத்தகத்தை அவன் முகத்துக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். தாடை லேசாகக் கோணியிருந்தது. மூலத்தில் எந்த அடியாளுக்கும் கோணல் தாடை இல்லை. வேடம் கிடையாது, மன்னிக்க வேண்டும் என்றார்.

அன்று சாயந்திரம் மனைவி கவுண்டர்க் குரலை விட்டு முதல் தடவையாகப் பேசினாள். "அவன் பல்லையாவது வாங்கிட்டு வாங்க. அது ஒண்ணும் அவங்க வீட்டுது இல்லையே."

பல்செட்காரர் போனார். சட்டப் பிரிவு இளைஞர் ஒப்பந்தத்தை எடுத்துப் போட்டார். தொடருக்காக அவர் செய்த எல்லாப் பல்லும் நிறுவனத்தின் உடைமை.

"நிஜப் பல்லா இருந்தா இப்பவே கையோட கொடுத்துடுவேன் சார். மனுஷன் பல்லை வெச்சுக்கிட்டு நாங்க என்ன பண்ணப் போறோம்? ஆனா நீங்களே செஞ்சதுன்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க."

"அது பொய்ன்னு இப்ப எழுதித் தரேன்."

"அப்ப பொய்ச் சான்று கொடுத்ததா உங்க மேல நடவடிக்கை எடுக்க வேண்டியிருக்கும். எனக்கு அதுல மனசு வரலை சார். உங்க மேல எங்களுக்கு அவ்வளவு மரியாதை." பிறகு ஓர் அழைப்பிதழை நீட்டினார். "கண்காட்சி வெச்சிருக்கோம். ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட வாங்க."

பெரிய மண்டபம். வாசலிலிருந்தே வரிசை. முகமூடி போட்ட பெரியவர்களும் பிள்ளைகளும் ஆளுக்கொரு ரப்பர் சுத்தியோடு நின்றார்கள். மனைவி முன்னால் போனாள், பின்னால் மைத்துனன், கடைசியாகப் பல்செட்காரர். மண்டபத்தின் நடுவே கண்ணாடிப் பெட்டி. கறுப்புத் துணியில் ஏழு பற்கள், மேலே சின்ன விளக்கு. அட்டையில் எழுதியிருந்தது: 'மூன்றாம் அடியாளின் பற்கள். கைவேலை.' சுற்றிலும் கயிறு கட்டி ஒரு காவலாளி நின்றார்.

"எப்படிச் செஞ்சிருக்கான் பாரேன், வேர்கூட வெச்சிருக்கான்" என்றாள் வரிசையில் ஒருத்தி, பக்கத்திலிருந்தவளிடம்.

மைத்துனன் கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்துக்கொண்டு நின்றான். மனைவி திரும்பிப் புருஷனைப் பார்த்தாள்.

"இப்பவாவது சொல்லுங்க."

சட்டப் பிரிவு இளைஞர் எங்கேயாவது நிற்கிறாரா என்று பல்செட்காரர் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு சொன்னார்.

"இதுல மூணு நிஜப் பல்லு. நான் செஞ்சதில்லை. இவனோடது. மரச்சுத்தியால அடிச்சு எடுத்தாங்க. நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். அப்புறம் பொய்ப் பல்லுன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்."

சொல்லும்போதே குரல் உடைந்து அழுதுவிட்டார். வரிசை சட்டென்று அடங்கியது. ஒரு நொடிதான். பிறகு யாரோ ஒருவர் கைதட்டினார். மண்டபம் முழுவதும் கைதட்டியது. போன்கள் உயர்ந்தன. காவலாளி பக்கத்தில் வந்து மரியாதையாக, "கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க சார், பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கலையாம்" என்றார்.

"நிஜமாத்தாங்க சொல்றார்!" என்று மனைவி கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள். "அவன் என் தம்பி!" அதற்கும் கைதட்டினார்கள்.

அப்போது மைத்துனன் கண்ணாடியை விட்டுத் திரும்பினான். அக்காளைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான். அவர்களுக்காகத்தான் செய்தான். வாய்க்குள் விரலை விட்டு, பல்செட்டைக் கழற்றி, எல்லோருக்கும் தெரியும்படி வாயைத் திறந்து காட்டினான். கூட்டம் ஆர்ப்பரித்தது. பிள்ளைகளைத் தோளில் தூக்கிக் காட்டினார்கள். காவலாளி கயிற்றை இரண்டடி தள்ளிக் கட்டி, அவன் நிற்பதற்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தார். பதினான்கு வருடம் விழுந்தவன், தனக்காக ஜனங்கள் கைதட்டி அன்றைக்குத்தான் பார்த்தான்.

மனைவி அவன் கையைப் பிடித்து இழுத்தாள். "வாடா போகலாம்." அவன் நகரவில்லை. அவள் கையை விட்டுவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள். பல்செட்காரர் அவள் பின்னால் போவதா, இங்கேயே நிற்பதா என்று தெரியாமல் நின்றார்.

வரிசையின் கடைசியிலிருந்து ஒரு பெண் எம்பிப் பார்த்துக் கேட்டாள். "எங்களுக்குச் சரியாத் தெரியலைங்க. அடுத்த காட்சி எத்தனை மணிக்கு?"

மைத்துனன் பல்செட்டைச் சட்டையில் துடைத்து வாயில் மாட்டிக்கொண்டான். மாமாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"பன்னண்டு மணிக்கு."